பழைய துப்பாக்கி, புது ஆட்டம்

2018 டிசம்பர் 10-ல் 'டஸ்க்' என்று ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்தது. டேவிட் ஷிமான்ஸ்கி செய்தது. பார்த்தால் 1996-ல் வந்த 'குவேக்' மாதிரியே கட்டம் கட்டமான உருவங்கள். தேதியைக் கவனியுங்கள். சரியாக 25 வருஷம் முன்பு, 1993-ல் இதே நாளில்தான் ஐடி சாஃப்ட்வேரின் 'டூம்' வெளியானது.

டூமை விற்ற விதத்தை பி.காமில் பாடமாகவே வைக்கலாம். மூன்று பாகத்தில் முதல் பாகம் இலவசம். யாருக்கு வேண்டுமானாலும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம். மீதிக்குத்தான் காசு.

டஸ்க் ஆடியவர்களில் இரண்டு கட்சி. முதல் கட்சிக்கு வேகம்தான் சுகம். 2005-ல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி 2'-வில் அடிபட்டால் சற்று ஒளிந்து நின்றாலே உடம்பு தேறிவிடும். டஸ்கில் மருந்தைத் தேடி ஓடியே ஆகணும். மறு கட்சியோ, கலர் கலராகச் சாவி தேடி அலைவது அலுப்பு, இதெல்லாம் வெறும் பழைய ஏக்கம் என்கிறது.

ஊர்விட்டு வந்த நமக்கு ஏக்கம் புதுசா என்ன? ஊர்க் காபிதான் காபி என்போம். இனிப்பது காபியா, நினைப்பா? நம் நாக்கே சாட்சி சொன்னால் செல்லாது.

காலேஜ் போகும் என் பையன் நாக்பூரில் பிறந்தவன். 1993 அவனுக்குச் சரித்திரம். அவன் டஸ்கை மூன்று முறை முடித்துவிட்டான். ஏங்க நினைவே இல்லாதவன் ஓட்டு அது. அதனால்தான் முதல் கட்சி பக்கம் சாய்கிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பழசு பிடித்திருக்கிறது? சொல்லுங்களேன்.