கரிவாயு முதல் சிஎன்ஜி வரை: விழுப்புரம் வட்டாரத்தில் எரிவாயு வண்டியும் இழுவையும்

விழுப்புரத்தை அடுத்துப் பம்பையாற்றங்கரையில் இருக்கும் திருவாமாத்தூரைப் பசுக்கள் வழிபட்ட தலம் என்று தலபுராணம் சொல்லும். ஊர்ப்பெயரில் உள்ள 'ஆ' அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இந்த வட்டாரத்தின் பாரமும் நெடுங்காலம் மாட்டின் கழுத்தில்தான் நகர்ந்தது. முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளுக்குக் கரும்பு கொண்டுபோனது முதலில் கட்டை வண்டி, அப்புறம் டயர் வண்டி, அதற்கும் அப்புறம் டிரெய்லர் கோத்த டிராக்டர். எரிவாயுவில் ஓடும் பிக்கப் வண்டிக்கு இந்த வரிசையில் இடம் உண்டா? பாரம் இழுக்க அது ஆகுமா? இதற்கு விடை தேட எண்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. சென்னை மாகாணத்துப் பேருந்துகளின் பின்புறத்தில் இரும்புப் பீப்பாய்கள் முளைத்தன. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் 'டிவிஎஸ் கேஸ் பிளான்ட்' என்ற பெயரில் அத்தகைய கலனைச் செய்து கொடுத்தது. பீப்பாயில் அடுப்புக்கரியைப் போட்டு, குறைந்த காற்றில் கனியவிட்டால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிளம்பும். அதை வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். ஆனால் அந்த வாயுவில் ஏறத்தாழ பாதி, எரியாத நைட்ரஜன். எஞ்சினின் வலுவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். மேட்டில் பயணிகள் இறங்கிக் கரி பஸ்ஸைத் தள்ளிய கதை பல வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. போர் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் பீப்பாய்கள் கழன்றன. 'கேஸ் வண்டிக்கு இழுவை பத்தாது' என்ற பேச்சு மட்டும் தங்கிவிட்டது. குறை கரிவாயுவுடையது, அதை எல்லா எரிவாயுவின் மேலும் ஏற்றுவது நியாயமாகாது. சிஎன்ஜி எனப்படும் அழுத்திய இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்; அதன் ஒரு கிலோவில் உள்ள ஆற்றல் ஒரு கிலோ டீசலில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதல்.

அப்படியானால் மீத்தேன் ஏன் இத்தனை தாமதமாக நம் சாலைக்கு வந்தது? காவிரிப் படுகையில் எடுத்த இயற்கை எரிவாயு கோவில்களப்பால், குத்தாலம் போன்ற மின் நிலையங்களுக்குப் போனது, வண்டிகளுக்கு வரவில்லை. தில்லியில் 1998 ஜூலை 28 அன்று, எம்.சி. மேத்தா தொடுத்த காற்று மாசு வழக்கில், 2001 மார்ச் 31க்குள் பேருந்துகள் அனைத்தும் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எண்ணூரில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடிய இந்தியன் ஆயிலின் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) முனையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதோ 2019 மார்ச்சில். இந்த இருபது ஆண்டு இடைவெளியில்தான் 2005இல் டாடா ஏஸ் வந்து, 'குட்டி யானை' என்று பெயரும் வாங்கி, டீசலோடு கிராமச் சாலைகளைப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் செய்யத் தெரியாததால் வந்த தாமதம் அல்ல இது. குழாய் வராததால் வந்த தாமதம் என்பதே என் கணிப்பு.

இழுவைக் கணக்குக்கு வருவோம். மாருதி சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் எஞ்சின் பெட்ரோலில் 104 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது, சிஎன்ஜியில் 95. வாயு வடிவ எரிபொருள் சிலிண்டருக்குள் காற்றின் இடத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதால் வரும் குறைவு இது. பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. பெரிய இடைவெளி வேறு இடத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் டாடா சேர்த்தே அறிமுகப்படுத்திய பிக்கப்புகளில் இரண்டைப் பார்ப்போம். சிஎன்ஜியும் பெட்ரோலும் ஏற்கும் இன்ட்ரா வி20 தருவது அதிகபட்சம் 106 நியூட்டன் மீட்டர், ஏற்றுவது 1 டன். டீசலில் ஓடும் யோத்தா 2.0 தருவது 250, ஏற்றுவது 2 டன். ஒன்று சிறிய பெட்ரோல் எஞ்சினின் வழிவந்தது; மற்றது டர்போ டீசல். ஓட்டுநர் 'வண்டி திணறுது' என்று சொல்வதற்கு வாயுவைவிட எஞ்சினின் பிறப்பே பெரிய காரணம்.

இரண்டாவது தடை, இடம். 200 பார் அழுத்தத்தில் 60 லிட்டர் சிலிண்டர் பிடிப்பது ஏறத்தாழ 10 கிலோ வாயு. அது ஆற்றலில் 13 லிட்டர் டீசலுக்குச் சமம். எஃகுச் சிலிண்டரோ காலியாகவே 50 கிலோவுக்கு மேல் கனக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையும் செய்தாக வேண்டும். அமெரிக்காவில் 2012இல் வந்த ராம் 2500 சிஎன்ஜி பிக்கப், 5.7 லிட்டர் எஞ்சினின் பலத்தில் 3 டன்னுக்கு மேல் டிரெய்லர் இழுத்தது. ஆனால் சரக்குத் தொட்டியில் கணிசமான பகுதியைச் சிலிண்டர்களே அடைத்துக்கொண்டன. எஞ்சின் பெரிதானால் எரிவாயு இழுக்கும் என்பதற்கு அது சான்று. அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கும் அதுவே சான்று.

திருவாமாத்தூர் விவசாயிக்கு இதில் என்ன கிடைக்கிறது? நெல் மூட்டையையோ மணிலாவையோ விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்புவது ஒரு வழிக்கு ஆறேழு கிலோமீட்டர்ச் சமதள ஓட்டம். அதற்குச் சிஎன்ஜி பிக்கப் தாராளமாகப் போதும். திண்டிவனம் வழியாகக் கோயம்பேடு போய்வர 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கிலோவுக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால், 10 கிலோ வாயு பாதி வழிக்குத்தான் வரும். நடுவில் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோலுக்கு மாற வேண்டும். டிரெய்லர் கட்டுவதை இந்தச் சிறிய பிக்கப்புகளிடம் நான் எதிர்பார்க்க மாட்டேன். அந்த எடையைத் தாங்கும் கிளட்சும் பிரேக்கும் அவற்றுக்கு இல்லை.

நம் ஊரில் டிரெய்லர் இழுப்பது டிராக்டர்தான். இந்தியாவில் சிஎன்ஜிக்கு மாற்றிய முதல் டிராக்டரை 2021 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அறிமுகப்படுத்தினார். இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். 2018இல் தொடங்கிய 'சதத்' திட்டம், சாண எரிவாயுவைப் போல் கழிவிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து அழுத்திய வாயுவை வண்டிகளுக்கு விற்க வழிசெய்தது. அதற்கான மூலப்பொருள்களில் ஒன்று, கரும்புச் சாற்றை வடிகட்டும்போது ஆலையில் மிஞ்சும் பிரஸ்மட். நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் அதையும் கோழி எச்சத்தையும் கொண்டு வாயு எடுக்கிறார்கள். முண்டியம்பாக்கத்திலும் அதே பிரஸ்மட் சேர்கிறது, கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும் அதே ஆலையில்.