கணக்கு ஆட்டமா, டோல்கேட்டா?

வீடியோ கேம் கணக்குப் பயிற்சியை ஜாலியாக்குமா? பதில் தேடி எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரி பூமிக்கே போவோம். அங்கே திண்ணையில ஆடின கேம், பல்லாங்குழி.

14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. எந்தக் குழியை அள்ளினா கடைசிக் கொட்டை எங்கே விழும்னு முன்கூட்டியே எண்ணுறவங்கதான் ஜெயிப்பாங்க. ஒரு குழியில 4 சேர்ந்தா அது 'பசு'. குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கலாம். 14 தாண்டினா மறுபடி முதல் குழி. நாம கோடிங்ல போடுற மாடுலோதான் இது!

ஆனா மாகாணி 1/16, மா 1/20, முந்திரி 1/320 மாதிரி பின்னங்களைப் பல்லாங்குழி சொல்லித்தரல. அதைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடியை உரக்க ஒப்பிச்சுத்தான் படிச்சாங்க.

இன்னைக்குப் பல ஆப்கள்ல 10 கணக்கு போட்டா ஒரு ரேஸ் ஓட்டலாம். அங்கே கணக்கு வெறும் டோல்கேட். பல்லாங்குழியில எண்ணுறதுதான் ஆட்டமே.

அதனால கேம் ஜாலியாக்கும், கணக்கே ஆட்டமா இருந்தா. மிச்சத்துக்கு உட்கார்ந்து படிக்கத்தான் வேணும். வீட்டுப் பிள்ளைக்கு ஆப் இறக்கும்போது ஒண்ணு பாருங்க: கணக்கை எடுத்துட்டாலும் கேம் அப்படியே ஓடுதா? அப்போ அது டோல்கேட்தான்.