முதியோருக்குப் பொருந்தா மருந்துகள்

பலனைவிடத் தீங்கு மிகக்கூடிய மருந்துகளே முதியோருக்குப் பொருந்தா மருந்துகள். வயது ஏற ஏறச் சிறுநீரகம் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும்; நாற்பதில் ஒத்துக்கொண்ட அளவு எண்பதில் மிகையாகிவிடலாம். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வசிப்போருக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளை 1991இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் பட்டியலிட்டார். 2023 வரை பலமுறை திருத்தப்பட்ட அப்பட்டியலில் சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு, தூக்கத்துக்கான டயஸிபாம், சளி மருந்துகளில் கலந்துவரும் குளோர்பெனிரமின் ஆகியவை உண்டு. கிளிபென்கிளமைடைப் போட்டுக்கொண்டு இரவில் சாப்பிடாமல் படுத்த பாட்டிக்கு விடிவதற்குள் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

மருந்தின் பக்கவிளைவுக்கே இன்னொரு மருந்து தருவது இன்னும் கொடியது. ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிபின், அதனால் கால் வீங்க, வீக்கத்துக்கு நீர் மாத்திரை, இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தவர் தடுமாறி விழ, இடுப்பெலும்பு முறிவு.

சேலம், நாமக்கல் சமவெளியில் அரசு மருத்துவமனை மாத்திரை, தனியார் மருத்துவரின் சீட்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது எல்லாம் ஒரே பையில் சேரக்கூடும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. அதற்காக வீட்டுக்கு வருவோர் அந்தப் பையை முழுதாகப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பில்லை. மருத்துவர் சீட்டின்றிக் கடையில் விற்கக்கூடாத மருந்துகளுக்கான எச்1 அட்டவணையில் டயஸிபாம் 2014 மார்ச் முதல் உள்ளது. அதன் விற்பனைப் பதிவேட்டைக் கடைக்காரர் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.