ஆக்சிஜன் குன்றிய இதயத் தசையைப் படமெடுத்தல்

இதயத் தமனி அடைபட்டபின், ஆக்சிஜன் போதாமல் தவித்தாலும் இன்னும் உயிரோடிருக்கும் தசையைக் கதிரியக்கப் பொருள்களால் காட்டும் அணு மருத்துவ முறை. அடைப்பை நீக்கினால் பிழைக்கக்கூடிய தசை அதுவே என்பதால், அதை அடையாளம் காண்பது சிகிச்சைக்கு மிக முக்கியம்.

1920களில் பாஸ்டனில் ஹெர்மன் பிளம்கார்ட் ஒரு கையில் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது மறுகையை அடையும் நேரத்தை அளந்தார். இரத்த ஓட்டத்தைக் கதிரியக்கத்தால் அறியும் முயற்சி இங்கே தொடங்கியது. 1950களின் இறுதியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமா கேமரா படமெடுக்க வழிசெய்தது.

1970களில் இரண்டு முறைகள் வந்தன. டெக்னீசியம் பைரோபாஸ்பேட் மாரடைப்பில் சேதமடைந்த தசையில் சேர்ந்து ஒளிர்ந்தது. தாலியம்-201 இரத்தம் பாயும் உயிருள்ள தசையில் சேர்ந்தது. இரத்தம் எட்டாத இடம் படத்தில் வெறுமையாகத் தெரிந்தது. முன்னது அழிவைக் காட்டியது, பின்னது இல்லாமையைக் காட்டியது. மூச்சுத் திணறும் தசையை நேரடியாகச் சுட்டும் பொருள் கிடைக்கவில்லை.

அது புற்றுநோய் ஆய்விலிருந்து வந்தது. சீதபேதிக்குத் தரும் மெட்ரோனிடசோல் சேர்ந்த நைட்ரோஇமிடசோல் குடும்பத்துக்கு ஓர் அரிய குணம் உண்டு. உயிரணுவுக்குள் நுழைந்ததும் இம்மூலக்கூறு ஓர் எலக்ட்ரானைப் பெறுகிறது. ஆக்சிஜன் இருந்தால் அந்த எலக்ட்ரானைப் பறித்துவிடும். மூலக்கூறு பழைய நிலைக்குத் திரும்பி வெளியேறும். ஆக்சிஜன் இல்லையேல் மேலும் மாற்றமடைந்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். எலக்ட்ரானைத் தருவது உயிரணுவின் நொதிகளே. ஆகவே இறந்த தசையில் இது தங்காது. உயிரும் ஆக்சிஜன் பஞ்சமும் சேர்ந்த இடத்தில் மட்டும் தங்கும் இந்த நுட்பமே இம்முறையின் உயிர்நாடி.

இக்குடும்பத்தைக் கொண்டு ஆக்சிஜன் குன்றிய கட்டிகளைப் படமெடுக்கலாம் என்று ஜே. டி. சாப்மன் 1979-இல் முன்மொழிந்தார். சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, புளோரின்-18 ஏற்றிய புளூரோமிசோனிடசோலால் இதயத் தசையின் ஆக்சிஜன் பஞ்சத்தைப் பெட் ஸ்கேனில் காணலாம் என 1992-இல் காட்டியது. எளிதில் கிடைக்கும் டெக்னீசியத்தை ஏற்றிய பிஎம்எஸ்-181321 அதே பத்தாண்டில் சோதிக்கப்பட்டது. ஆனால் இதயத்தை அடுத்துள்ள கல்லீரலில் அது மிகுதியாகச் சேர்ந்து படத்தைக் குலைத்தது. 1997-இல் ஜப்பானில் யசுஹிசா புஜிபயாஷி குழு தாமிரம்-62 ஏற்றிய ஏடிஎஸ்எம் சேர்மத்தை அறிமுகப்படுத்தியது. அது தசைக்குள் விரைவாகப் புகும்.

புளூரோமிசோனிடசோல் இரத்தத்திலிருந்து மெதுவாகவே அகல்வதால் தெளிவான படத்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். மாரடைப்பு நோயாளிக்கு அந்த அவகாசம் இல்லை. எனவே இதய மருத்துவமனைகளில் இன்றும் இரத்த ஓட்டப் படங்களும், குளுக்கோஸ் பயன்பாட்டைக் காட்டும் எஃப்டிஜி பெட் ஸ்கேனுமே வழக்கில் உள்ளன. நைட்ரோஇமிடசோல் படங்கள் பெரும்பாலும் புற்றுநோய் ஆய்வில்தான் பயன்படுகின்றன.