பந்திக்கு முந்து!

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இருந்தார். முன்னாள் பள்ளிக்கூட வாத்தியார். 1880-களில் அவர் செய்துகொண்டிருந்த தொழில் கொஞ்சம் சோகமானது. சவ அடக்கம்! யாராவது மண்டையைப் போட்டால், சவப்பெட்டி முதற்கொண்டு எல்லா ஏற்பாடும் செய்து தருவார். ஊரில் சாவுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனாலும் ஸ்ட்ரோஜர் கடையில் மட்டும் டெலிபோன் மணி அடிப்பது குறைந்துகொண்டே வந்தது.

ஏன் என்று விசாரித்தவருக்கு மயக்கம் வராத குறை. அந்தக் காலத்து டெலிபோனில் நம்பர் சுழற்றும் வேலையெல்லாம் கிடையாது. ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்மணி, 'யார் வேணும்?' என்பார். 'சவ அடக்கம் செய்யறவர் யாராவது வேணும்மா' என்றால், அவராகப் பார்த்து ஒரு கடைக்கு இணைப்புக் கொடுப்பார். அந்தப் பெண்மணி வேறு யாருமில்லை... போட்டிக் கடைக்காரரின் மனைவி! (உறவுக்காரப் பெண் என்று சொல்பவர்களும் உண்டு. கதையில் கொஞ்சம் மசாலா கலந்திருக்கலாம். அடுத்து நடந்தது மட்டும் அப்பட்டமான நிஜம்.)

மனுஷன் சண்டைக்குப் போகவில்லை. ஆபரேட்டரே தேவைப்படாத ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் ஒன்றை யோசித்துக் கண்டுபிடித்து, 1891-ல் பேட்டன்ட் வாங்கிவிட்டார். அடுத்த வருடமே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற ஊரில் அது வேலை செய்ய ஆரம்பித்தது. நம் ஊர் பழைய டெலிபோன் இலாகாக்காரர்களைக் கேட்டுப்பாருங்கள், 'ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச்' என்று கண்கள் மின்னச் சொல்வார்கள்.

சவப்பெட்டிக்காரருக்கும் கூகுளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. கஷ்டப்பட்டு வெப்சைட் ஆரம்பித்துவிட்டு, 'தேடினால் நம்ம கடை முதல்ல வரமாட்டேங்குதே!' என்று தவிக்கிற ஒவ்வொரு சின்ன வியாபாரியும் ஸ்ட்ரோஜரின் பங்காளிதான். கடைக்கும் கஸ்டமருக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். யாரை முன்னால் காட்டுவது என்று அவர்தான் முடிவு செய்கிறார்.

நடுவில் இருப்பவரை வளைக்க ஜனங்கள் செய்த வித்தைகள் கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்க 'எல்லோ பேஜஸ்' டைரக்டரிகளில் கடைப் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். விடுவார்களா? 'ஏஏஏ பிளம்பிங்' என்று பெயர் வைத்தார் ஒருவர். அடுத்தவர் இன்னொரு 'ஏ' சேர்த்துக்கொண்டார். குழாய் ரிப்பேர் தெரிகிறதோ இல்லையோ, பட்டியலில் முதலிடம்!

இன்டர்நெட் வந்தபோதும் இதேதான். 1994-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் ஆரம்பித்த 'யாஹூ', மனிதர்கள் உட்கார்ந்து தரம் பிரித்த ஒரு டைரக்டரி. உங்கள் வெப்சைட்டை எழுதிப் போட்டுவிட்டு, யாஹூ ஆசாமி ஒருவர் வந்து பார்க்கிற வரை தேவுடு காக்க வேண்டும். கூட்டம் தாங்காமல் 1999-ல், '199 டாலர் கட்டினால் சீக்கிரமாகப் பார்க்கிறோம்' என்றார்கள். கவனியுங்கள், பார்ப்பதற்குத்தான் காசு. சேர்ப்பதற்கு உத்தரவாதம் இல்லை!

இன்னொரு பக்கம், 1995 டிசம்பரில் டிஜிட்டல் கம்பெனி கொண்டுவந்த 'ஆல்டா விஸ்டா' போன்ற தேடுபொறிகள். இங்கே ஆபரேட்டர் மனிதர் அல்ல, மெஷின். அது பக்கத்திலிருக்கும் வார்த்தைகளைப் படிக்கும். 'செருப்பு' என்று தேடினால், செருப்பு என்ற வார்த்தை எங்கெங்கே தடபுடலாக வருகிறதோ அதையெல்லாம் மேலே ஏற்றும். அவ்வளவுதானே? 'செருப்பு செருப்பு செருப்பு' என்று நூறு தடவை டைப் அடித்தார்கள். படிக்கிறவர் கண்ணை உறுத்துமே? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவே அடித்துவிட்டார்கள். மனுஷன் கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். கில்லாடிகள்!

ரகசியமாகச் செய்வானேன், பகிரங்கமாக ஏலமே விட்டுவிடுவோம் என்றார் பில் கிராஸ் என்பவர். 1998-ல் அவர் ஆரம்பித்த 'கோடூ டாட் காம்' தேடுபொறியில், ஒரு க்ளிக்குக்கு யார் அதிகக் காசு தருகிறாரோ அவருக்கு முதலிடம். எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தே வருடத்தில் யாஹூ அதைச் சுமார் 160 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. சிரிப்பு நின்றது.

அதே 1998-ல்தான் லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் கூகுளைக் கம்பெனியாகப் பதிவு செய்தார்கள். அவர்களுடைய யோசனை, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்களிடமிருந்து வந்தது. பல பேர் மேற்கோள் காட்டுகிற கட்டுரை நல்ல கட்டுரை என்பது பேராசிரியர்கள் கணக்கு. அதேபோல, ஒரு வெப்சைட்டுக்கு மற்ற வெப்சைட்டுகள் இணைப்பு, அதாவது 'லிங்க்' கொடுத்தால், ஒவ்வொன்றும் ஒரு ஓட்டு. பெரிய மனிதர் போட்ட ஓட்டுக்கு மதிப்பு அதிகம். லாரி பேஜ் பெயரையே வைத்து 'பேஜ்ரேங்க்' என்றார்கள். 'என் செருப்பு நல்ல செருப்பு' என்று நானே நூறு தடவை கத்துவதற்கும், பத்துப் பேர் அதைச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? ரிசல்ட் பிரமாதமாக இருந்தது.

ஆனால், ஓட்டு என்று ஒன்று வந்துவிட்டால் அதை விலைக்கு வாங்க ஒருவர் வராமல் இருப்பாரா? இதை நமக்கா சொல்லித் தர வேண்டும்! லிங்க் விற்பனை தனித் தொழிலாகவே ஆனது. ஓக்லஹோமாவில் 'சர்ச்கிங்' என்ற கம்பெனி, பேஜ்ரேங்க் அதிகமுள்ள தளங்களில் லிங்க் வாங்கித் தரும் வியாபாரம் நடத்தியது. 2002-ல் கூகுள் அந்தக் கம்பெனியின் பேஜ்ரேங்க்கைத் தடாலடியாக இறக்கியது. கோர்ட்டுக்குப் போனார்கள். 2003-ல் நீதிபதி சொன்ன தீர்ப்பு இதுதான்: தரவரிசை என்பது கூகுளின் அபிப்பிராயம். அபிப்பிராயம் சொல்ல அமெரிக்காவில் சகலருக்கும் உரிமை உண்டு. கேஸ் தள்ளுபடி!

ஓட்டு விற்பனைக்காரருக்கு அது சரியான சூடு என்று நீங்கள் சந்தோஷப்படலாம். நானும் பட்டேன். ஆனால், அந்தத் தீர்ப்பின் நிழல் எந்தத் தப்பும் செய்யாதவர் மேலேயும் விழும் என்பது அதே வருடம் நவம்பரில் தெரிந்தது.

ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்று ஓர் ஊர். அங்கே ஒருவர் பெரிய சைஸ் ஷூக்களை மட்டும் இன்டர்நெட்டில் விற்றுக்கொண்டிருந்தார். சாதாரணக் கடையில் காலுக்கேற்ற ஷூ கிடைக்காத நெட்டை மனிதர்கள்தான் கஸ்டமர்கள். கடையின் பெயரே 'டூ பிக் ஃபீட்'. பெரிய கால்களுக்கு ஷூ தேடினால் கூகுள் அவர் கடையைத்தான் முன்னால் காட்டியது. அதற்காக அவர் கூகுளுக்குப் பத்துப் பைசா கொடுக்கவில்லை. ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன. ஜான் பேட்டெல் எழுதி 2005-ல் வெளிவந்த 'தி சர்ச்' புத்தகத்தில் இவர் கதை இருக்கிறது.

அப்போதெல்லாம் கூகுள் தன் பட்டியலை அவ்வப்போது கலைத்து அடுக்கும். அடுக்கி முடிகிற வரை வரிசை மேலும் கீழும் ஆடும். வெப்சைட்காரர்கள் இதற்கு 'கூகுள் டான்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். புயலுக்குப் பெயர் வைப்பது போல ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பெயர். 2003 நவம்பர் மத்தியில் வந்த புயலின் பெயர் 'ஃப்ளோரிடா'. தில்லுமுல்லு தளங்களைக் களையெடுப்பதுதான் நோக்கம். களையோடு சேர்ந்து பயிரும் வந்தது. ஷூ கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடிப்பார்க்கிறார், முன்வரிசையில் இருந்த அவர் கடையைக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காணோம்!

நேரத்தைப் பாருங்கள். நவம்பர் கடைசியில் ஆரம்பித்து கிறிஸ்துமஸ் வரைதான் அமெரிக்க வியாபாரிகளுக்கு அறுவடைக் காலம். நம் தீபாவளி ஜவுளிக்கடை மாதிரி. கிறிஸ்துமஸை நம்பிச் சரக்கு வாங்கிப்போட்ட எத்தனையோ சின்னக் கடைகள் அந்தச் சமயத்தில் காணாமல் போயின. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? காசு கொடுத்திருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். ஓசியில் கிடைத்த இடம், ஓசியிலேயே போய்விட்டது. திரும்ப மேலே தெரிய வேண்டுமென்றால் இருந்த ஒரே உடனடி வழி, அதே கூகுளில் காசு கொடுத்து விளம்பரம் போடுவது. 'இதற்காகத்தான் செய்தார்கள்' என்று பலர் கொதித்தார்கள், கூகுள் மறுத்தது. நானும் அது திட்டமிட்டுச் செய்த சதி என்று நம்பவில்லை. ஆனால் சதி செய்கிற ஆபரேட்டர் அம்மாவாக இருந்தால் ஸ்ட்ரோஜரைப் போல் அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். யார் மேலும் விரோதமில்லாத ஒரு கணக்கு, கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடையை மூடவைத்தால் யாரைப் பிடிப்பது?

பெரியவர்கள் மாட்டவே இல்லையா? மாட்டினார்கள். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ-வின் ஜெர்மன் வெப்சைட், மெஷினுக்கு ஒரு முகமும் மனிதருக்கு இன்னொரு முகமும் காட்டியதற்காகப் பட்டியலிலிருந்தே தூக்கப்பட்டது. தப்பைச் சரிசெய்து சில நாட்களிலேயே உள்ளே வந்துவிட்டார்கள். 2011 பிப்ரவரியில் 'ஜே.சி.பென்னி' என்ற பிரம்மாண்ட கடை, சம்பந்தா சம்பந்தமில்லாத தளங்களிலெல்லாம் லிங்க் வைத்து மேலே வந்ததை 'நியூயார்க் டைம்ஸ்' அம்பலப்படுத்தியது. கூகுள் கீழே இறக்கியது. பென்னிக்கு ஊரெங்கும் நூற்றுக்கணக்கில் கடைகள் இருந்தன. பொழைப்பு நடந்தது. இன்டர்நெட்டை மட்டுமே நம்பிய ஷூ கடைக்காரருக்கு அப்படி ஏது?

அதே பிப்ரவரியில் 'பாண்டா' என்றொரு மாற்றம் வந்தது. தரமில்லாத சரக்கை ஒப்பேற்றும் தளங்களுக்கு அடி. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்'. இது காசுக்கு லிங்க் வாங்கியவர்களுக்கு. இந்த இரண்டாவது அடி வாங்கிய சின்னக் கடைக்காரர்களில் பலருக்குத் தாங்கள் தப்பு செய்தோம் என்பதே தெரியாது. 'ஒரே மாசத்துல முதலிடம், சார்' என்று வந்த ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்திருப்பார்கள். அவர் வாங்கிப்போட்ட குப்பை லிங்க்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, 'இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று கூகுளிடம் முடிச்சு அவிழ்த்துக்கொள்வதற்கே தனியாக ஒரு வசதி 2012 அக்டோபரில் வந்தது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. இருந்தும் அந்த ஏஜென்ட்டின் போன் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் கடைக்காரர் என்னதான் செய்வது? இத்தனை புயலிலும் அடித்துப் போகாமல் நின்ற விஷயங்கள் ரொம்ப சாதாரணமானவை. பக்கத்தின் தலைப்பிலேயே என்ன விற்கிறோம், எந்த ஊரில் என்று எழுதுவது. 'பிரீமியம் காலணித் தீர்வுகள்' என்றெல்லாம் ஜாலம் காட்டாமல், கஸ்டமர் வாயில் வருகிற மாதிரி 'பெரிய சைஸ் ஷூ' என்றே சொல்வது. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து, விலாசமும் போன் நம்பரும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொள்வது. திருப்தியாகப் போகிற கஸ்டமரிடம், 'ரெண்டு வரி எழுதுங்களேன்' என்று வெட்கப்படாமல் கேட்பது. முக்கியமாக, வாங்கிப்போனவர்களின் நம்பரை ஒரு நோட்டில் குறித்து வைப்பது. ஃப்ளோரிடா அடித்த அன்றைக்குக் கைகொடுத்திருக்கக்கூடியது அந்த நோட்டு ஒன்றுதான்.

இந்த யோசனையெல்லாம் உதவாத ஒரு கேஸும் உண்டு. 2006 ஜூனில் இங்கிலாந்தில் ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்ற தம்பதி 'ஃபவுண்டெம்' என்ற விலை ஒப்பிடும் வெப்சைட்டைத் தொடங்கினார்கள். எந்தக் கடையில் எது மலிவு என்று சொல்லும் தளம். தொடங்கிய சில நாட்களிலேயே கூகுளில் அதள பாதாளத்துக்குப் போய்விட்டது. மற்ற தேடுபொறிகளில் ஜம்மென்று மேலே இருந்தது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, சொன்னால் சரிசெய்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். மூன்று வருடம் போனது. 2009 நவம்பரில் ஐரோப்பிய கமிஷனிடம் புகார் கொடுத்தார்கள். அடுத்த மாதமே கூகுள் அந்தத் தண்டனையை நீக்கிவிட்டது என்பது தனி வேடிக்கை.

கமிஷன் நோண்டிப் பார்த்தபோது பெரிய சமாசாரம் வெளியே வந்தது. கூகுளுக்கே விலை ஒப்பிடும் சேவை ஒன்று இருக்கிறது. அது தேடல் பக்கத்தின் உச்சியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். போட்டியாளர்களில் சிறந்தவர்கூட சராசரியாக நாலாவது பக்கத்தில்தான் தெரிவார். முதல் பக்கத்தில் வரும் பத்து பேருக்குச் சுமார் 95 சதவிகித க்ளிக்குகள் போகின்றன, இரண்டாம் பக்கத்தின் முதல் ஆளுக்கு ஒரு சதவிகிதம் என்றும் கமிஷன் கணக்குச் சொன்னது. நாலாவது பக்கத்துக்காரர் கதியை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். கான்சாஸ் சிட்டி ஆபரேட்டர் அம்மா, நூற்றுச்சொச்சம் வருடம் கழித்துத் திரும்பி வந்திருந்தார்.

2017 ஜூன் 27 அன்று கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். கூகுள் அப்பீல் மேல் அப்பீல் போய், 2024 செப்டம்பர் 10-ல் ஐரோப்பாவின் உச்சபட்ச நீதிமன்றமும் அபராதம் செல்லும் என்றது. அந்தப் பணம் போய்ச் சேருவது ஐரோப்பிய யூனியனின் பட்ஜெட்டுக்கு. ராஃப் தம்பதி நஷ்டஈட்டுக்குத் தனியாக இன்னொரு வழக்குப் போட வேண்டியிருந்தது. ஃபவுண்டெம் தளத்தை அவர்கள் 2016-லேயே மூடியிருந்தார்கள்.