கண்டி வீதியும் கம்பியில்லா ஒலியும்

கண்டி இராச்சியத்தை அந்நியப் படைகளிடமிருந்து நெடுங்காலம் காத்தவை அதன் மலைகளே. 1815 இல் இராச்சியம் வீழ்ந்தது. பின்னர், 1820 களில் ஆளுநர் பாண்ஸ் காலத்தில், கடுகண்ணாவை மலையைக் குடைந்து கொழும்பு வீதி அமைக்கப்பட்டது. படைக்கும் வண்டிக்கும் மலை வழிவிட்டது. வானொலி அலைக்கோ அது இன்றும் எளிதில் வழிவிடுவதில்லை.

இதனை நன்கு அறிந்தோர் வாகனத்தில் கருவியுடன் பயணஞ் செய்யும் வானொலி ஆர்வலராவர். 144 மெகாஹேட்ஸ் போன்ற உயர் மீடிறன் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. சமவெளியில் ஓரளவு தொடரும் உரையாடல், மலைச்சரிவு குறுக்கிட்டதும் அறுந்துவிடும். எனவே மலையுச்சியில் மீள்பரப்பி ஒன்று தேவைப்படும். அஃது இல்லாவிடத்து 7 மெகாஹேட்ஸ் அளவிலான சிற்றலையே துணை. ஏறக்குறையச் செங்குத்தாக மேலெழும் அவ்வலை அயனமண்டலத்திற் பட்டுத் திரும்பி, மலைகளுக்கிடைப்பட்ட பள்ளத்தாக்கிலும் வந்து விழும். வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி, இரு மரங்களிடையே தாழ்வாகக் கம்பியொன்றைக் கட்டினாலே போதும்.

இலங்கையில் ஒலிபரப்பு, தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பரின் பரிசோதனைகளுடன் தொடங்கிற்று. கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளும் அதற்குப் பயன்பட்டன என்பது மீண்டும் மீண்டும் கூறப்படுஞ் செய்தி. 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1939 இல் போர் மூண்டதும் பிரித்தானியா தன் ஆர்வலர்களின் உரிமங்களை நிறுத்திவைத்தது. தனியொருவர் எல்லை கடந்து பேசுவதை அரசுகள் ஐயத்துடன் நோக்கியமை புதிதன்று. ஆயினும் 1944 இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில் வந்தமர்ந்தபோது, நாம் இன்று நிழல் தேடிச் செல்லும் அம்மரங்களிடையிருந்தே பர்மா வரையிலான போர் நெறிப்படுத்தப்பட்டது. பொழுதுபோக்காளனுக்கு மறுக்கப்பட்ட வானம் தளபதிக்கு இன்றியமையாததாயிற்று!

1947 இல் அத்திலாந்திக் நகரில் கூடிய சர்வதேச மாநாடு இலங்கைக்குப் புதிய அழைப்புக்குறித் தொகுதியை ஒதுக்கியது. பழைய 'விஎஸ்7' மறைந்து '4எஸ்7' வழக்கிற்கு வந்தது.

இவ்வரலாற்றில் முதன்மை பெறவேண்டியது, என் கருத்தில், மவுண்ட்பேட்டனின் முகாமன்று. 2004 டிசம்பர் மாதமே. 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தைச் சிதைத்தபோது தொலைபேசித் தொடர்புகள் பல இடங்களிற் செயலிழந்தன. காலி வீதியும் பலவிடங்களிற் குலைந்தது. இலங்கை வானொலிச் சங்கத்தினர் கருவிகளுடன் அம்பாந்தோட்டைக்குச் சென்று, மின்கலவடுக்கில் இயங்கிய சிற்றலை நிலையத்தின் மூலம் அம்மாவட்டத்தைக் கொழும்பில் பிரதமரின் அலுவலகத்துடன் இணைத்தனர். அந்தமானில் போட் பிளெயரிலும், பொழுதுபோக்கு ஒலிபரப்பிற்காக அம்மாதம் சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினர் அவ்வாறே மீட்புப் பணிக்குத் திரும்பினர்.

இத்தகையோர் ஒவ்வோர் உரையாடலுக்கும் நாள், நேரம், மீடிறன், மறுமுனையின் அழைப்புக்குறி ஆகியவற்றைப் பதிவேட்டிற் குறிப்பது மரபு. வாகனத்தில் செல்வோர் இடத்தையும் சேர்த்தெழுதுவர். வரலாற்று மாணவருக்கு இவை முதனிலைச் சான்றுகள். ஆளுநரின் கடிதங்களைத் தேடிச் சுவடிக்கூடத்திற் பல மாதங்கள் கழிக்கும் நாம், முதிய ஆர்வலர் ஒருவரின் வீட்டு அலுமாரியிற் செல்லரிக்கும் அப்பதிவேட்டை ஏன் கேட்டுப் பெறலாகாது? அதன் ஒரு பக்கத்தில் 2004 டிசம்பர் இறுதி வாரத்தின் நேரங்கள் நிமிடம் பிசகாது எழுதப்பட்டிருக்கக் கூடும்.