வழியிற் கிடந்த பணமுடிப்பு

வணிகர் மூவர் ஒரு வழியே நடந்து சென்றனர். வழியிலே பணமுடிப்பு ஒன்று கிடந்தது. அது தனக்குக் கிடைக்குமாயின், மற்ற இருவர் கையிலுள்ள பணத்தையும் கூட்டிய தொகையைப்போல் இருமடங்கு தன்னிடம் இருக்கும் என்றான் முதலாமவன். தனக்குக் கிடைத்தால், மற்ற இருவர் பணத்தைப்போல் மும்மடங்கு இருக்கும் என்றான் இரண்டாமவன். தனக்குக் கிடைத்தால் அவ்வாறே ஐம்மடங்கு இருக்கும் என்றான் மூன்றாமவன். அங்ஙனமாயின் ஒவ்வொருவர் கையிலும் இருந்த பணம் எவ்வளவு? முடிப்பில் இருந்தது எவ்வளவு?

நேயர்கள் விடையைத் தேடிக்கொண்டிருக்கட்டும். இறுதியில் அதனைக் கூறுவோம். அதற்கு முன் இப்புதிர் பிறந்த வரலாற்றையும், அது நம் குழந்தைகள் பயிலும் பள்ளி நூலகத்திற்கு எவ்வாறு உறவாகும் என்பதையும் காண்போம்.

இதனைத் தம் நூலில் அமைத்தவர் மகாவீராசாரியர் என்னும் சமண அறிஞர். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். வடமொழியில் அவர் இயற்றிய நூல் 'கணித சார சங்கிரகம்' எனப்படும். அந்நூலின் தொடக்கத்தில் இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷனை அவர் போற்றுகின்றார். அவ்வேந்தனின் தலைநகர் மானியகேடம். இன்று மால்கேடு என வழங்கும் அவ்வூர், கருநாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் உள்ளது. ஆயினும் 1956இல் மாநிலங்கள் மொழிவழி அமையும்வரை அது ஹைதராபாத் இராச்சியத்தைச் சேர்ந்தே இருந்தது. ஆகவே ஹைதராபாத்தில் குடியேறி வாழும் நமக்கு இப்புதிர் அயலூர்ச் சரக்கன்று. அண்டை வீட்டுச் செல்வமே ஆகும்.

அந்நூல் வடமொழியோடு நின்றுவிடவில்லை. 11ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்கில் பாடினார். தமிழிலோ, காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' இத்துறையில் புகழ்பெற்றது. பலாப்பழத்தைப் பிளவாமலே அதனுள் இருக்கும் சுளைகளைக் கணக்கிட அந்நூல் வழி சொல்கின்றது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டும் என்பது அதன் விதி. முட்கள் 100 ஆயின் சுளைகள் 120. எல்லாப் பழமும் இவ்விதிக்கு அடங்குமா என்று ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயமே அதன் பயன் என்று நாம் கருதுகின்றோம். விதியைக் கேட்ட சிறுவன் பழத்தை நாடி ஓடுவான், முட்களை எண்ணுவான், பழம் பிளக்கப்படும்வரை அவ்விடத்தை விட்டு அகலான். பெருக்கலும் வகுத்தலும் அதற்குள் அவன் மனத்திற் பதிந்துவிடும்.

நம் முன்னோர் கணக்கைப் புதிராகச் செய்தது பொழுதுபோக்கை மட்டும் கருதியன்று. ஏடுகள் அரியவை, படி எடுப்பது பெரும் உழைப்பு. அறிவு நிலைக்க வேண்டுமாயின் அது நினைவில் தங்கவேண்டும். ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் செல்லவேண்டும். வெறும் விதி எளிதில் மறந்துபோகும். விடை காணாத வினாவோ உறக்கத்திலும் நம்மை விடாது. மேலும், ஒரு நூலை மொழிபெயர்க்கும்போது ஓசை போய்விடும், சொல்நயம் குன்றும். ஆனால் நல்ல புதிர் எம்மொழிக்குச் சென்றாலும் தன் முடிச்சை இழப்பதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை அனுபவத்தால் அறிவோம்.

அச்சிட்ட பாடநூலும் தேர்வும் பரவிய பின்னர் இம்முறை தளர்ந்தது. திண்ணைப் பள்ளிகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. விதி முன்னே வந்தது. பயிற்சிக் கணக்கு பின்னே வந்தது. விடை நூலின் கடைசிப் பக்கத்திற்குச் சென்றது. பள்ளி நூலகமோ பல இடங்களில் பூட்டிய அலமாரியாயிற்று. நூல் தொலைந்துவிடும் என்ற அச்சத்தால் வாசகரைத் தொலைத்தோம்.

எனினும் பழைய புதிர்களைக் காத்தவை நூலகங்களே என்பதை மறத்தலாகாது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார், ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி, கணித சார சங்கிரகத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் வெளிக்கொணர்ந்தார். கணக்கதிகாரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்துத் தந்துள்ளது. புதிர் நூலகத்தால் வாழ்ந்தது.

நூலகமும் புதிரால் வளர்ந்ததுண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், அதே மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்து, நூலகக் கலை பயில இலண்டன் சென்றார். அங்கே பெரிய அங்காடி ஒன்றில் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பெட்டியைக் கண்டார். சில தகடுகளும் திருகாணிகளும் கொண்டு, ஒரே பெட்டியிலிருந்து வெவ்வேறு உருவங்கள் ஆக்கப்பட்டன. நூற்பொருள்களையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு அதுவே வித்து. குழந்தைகளின் ஆட்டப்பொருள் ஒன்று, உலகம் மதிக்கும் நூற்பகுப்பு முறைக்கு வழிகாட்டியது.

அவர் அயராது உழைத்ததன் பயனாகச் சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. ஹைதராபாத் பொது நூலகச் சட்டம் 1955இல் வந்தது. ஹைதராபாத் நூலகத்திற்குப் புதிய நகரன்று. ஆசஃபியா நூலகம் 1891இலும், ஸ்ரீ கிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் 1901இலும் இங்கே தோன்றின. இத்தகைய நகரில் பள்ளி நூலகம் வெறும் அலமாரியாக இருத்தல் பொருந்துமா?

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கணிதம் பயிற்றுவதில் புதிர்களையும் விளையாட்டுகளையும் இடையறாது பயன்படுத்துமாறு வலியுறுத்துகின்றது. இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. நூலகத்தில் ஒரு மேசையும் சில அட்டைகளும் போதும். ஓர் அட்டையில் இவ்வாறு எழுதலாம்: சார்மினார் எழுந்த ஆண்டைக் கண்டறிக, மூசி ஆற்று வெள்ளம் இந்நகரை அழித்த ஆண்டைக் கண்டறிக, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்து, மூன்றைக் கூட்டுக, வரும் எண் தமிழ் எண்சுவடியின் எந்தப் பின்னத்தைக் காட்டும்?

மாணவன் வரலாற்று நூலை எடுப்பான், 1591 கிடைக்கும். மற்றொரு நூலில் 1908 கிடைக்கும். கழித்தால் 317, மூன்றைக் கூட்டினால் 320. பின்னர் எண்சுவடியைத் தேடி, 320இல் ஒரு பங்கு 'முந்திரி' என்று அறிவான். அலமாரியில் மூன்று தட்டுகளை அவன் கை தொட்டுவிட்டது. ஹைதராபாத்தில் தொடங்கிய தேடல் தமிழகத்துத் திண்ணையில் முடிந்தது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முதலில் விடை சொன்னவனுக்கே பரிசு என்று வைத்தால், மெல்லச் சிந்திக்கும் குழந்தை மேசையை விட்டு நீங்கிவிடும். நால்வர் கூடித் தேடுமாறும், விடையை மட்டுமன்றி வழியையும் சொல்லுமாறும் செய்தல் வேண்டும். அதனால் நூலகத்தின் அமைதி கெடும் என்பர் சிலர். ஆளில்லாத அமைதியைவிட ஐயம் கேட்கும் குரல் மேலன்றோ?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் மற்றொரு நன்மையும் அடங்கியுள்ளது. நம் குழந்தைகள் பலர் வீட்டில் தமிழ் பேசியும் தமிழ் எழுத்தறியாதவராய் வளர்கின்றனர். நாம் அறிவுரை கூறினால் அவர்கள் செவி சாய்ப்பதில்லை. புதிர் போட்டால் அருகில் வந்து அமர்கின்றனர். நாம் விடுகதை என்பதைத் தெலுங்கர் பொடுப்புக் கதை என்பர். நம் ஆடுபுலி ஆட்டம் அவர்களுக்குப் புலிஜூதம். நம் பல்லாங்குழி வாமனகுண்டலு. நம் பரமபதம் வைகுண்டபாளி. இருமொழிக் குழந்தைகளும் ஒரே மேசையில் அமர்ந்து இவற்றை ஆடலாம்; பெயர்களை இருமொழியிலும் எழுதி வைக்கலாம். தாய்மொழியைப் பிரித்துக்காட்டும் சுவராக்காமல், பகிர்ந்துகொள்ளும் விருந்தாக்குவதற்கு இஃது ஓர் எளிய வழி. விடுகதையின் விடையை அறிய விரும்பும் குழந்தை, அது அச்சாகியுள்ள எழுத்தையும் ஒருநாள் அறிய விரும்பும்.

இனி வணிகரிடம் வருவோம். மூவர் பணத்தையும் முடிப்பையும் சேர்த்து மொத்தம் 24 என்று கொள்க. முதலாமவன் முடிப்பைப் பெற்றால் மற்ற இருவரிடமும் உள்ளது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8. அவ்வாறே இரண்டாமவன் பெற்றால் மற்ற இருவரிடம் 6. மூன்றாமவன் பெற்றால் 4. இம்மூன்றையும் கூட்டினால் 18. ஒவ்வொருவர் பணமும் இருமுறை எண்ணப்பட்டமையால், மூவரிடமும் உள்ளது 9. ஆகவே முதலாமவனிடம் 1, இரண்டாமவனிடம் 3, மூன்றாமவனிடம் 5, முடிப்பில் 15. இவற்றை இரட்டித்தாலும் மும்மடங்காக்கினாலும் கணக்குப் பொருந்தும்.

அவ்வணிகருள் முடிப்பை எடுத்துச் சென்றவர் யார் என்பதை மகாவீரர் கூறவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது வழியிலேயே கிடக்கின்றது. நம் பள்ளி நூலகத்தின் கதவைத் திறந்து வைப்போமாயின், குனிந்து எடுக்கும் கை நம் குழந்தையின் கையாக இருக்கும்.